குளோரின் கலந்த கழிவுநீரில் மலக்கோலிஃபார்ம்: சவ்வு வடிகட்டியில் 310, பல்குழாய் முறையில் 900

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். கொங்குப் பகுதியில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். காற்றூட்டத் தொட்டி, இரண்டாம் நிலைத் தெளிவாக்கி, அதன் பிறகு குளோரின் தொட்டி என்று வழக்கமான அமைப்புதான். வெளியேறும் நீரில் உள்ள மலக்கோலிஃபார்மை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியாக் கூட்டத்தை) நாங்கள் சவ்வு வடிகட்டி முறையில் எண்ணுகிறோம். 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வில் மாதிரியை வடித்து, எம்-எஃப்சி என்ற வளர்ப்பு அகார் தட்டின்மேல் வைத்து, 44.5 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் கழித்து நீலக் காலனிகளை எண்ணுவோம்.

சென்ற மாதம் முதல் வெளி ஆய்வகம் ஒன்றுக்கும் மாதிரி அனுப்புகிறோம். அவர்கள் குழாய்களில் வளர்த்து, அட்டவணை பார்த்து எம்.பி.என். (மிகச் சாத்தியமான எண்ணிக்கை) சொல்லும் பல்குழாய் முறையைப் பின்பற்றுகிறார்கள். ஒரே வாளியில் மொண்ட நீரை இரண்டு புட்டிகளில் பிரித்து, ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பினோம். எங்கள் தட்டில் 10 மி.லி. வடித்ததில் 31 காலனிகள் வந்தன. அதாவது 100 மி.லி.க்கு 310. அவர்களுடைய அறிக்கையில் 10, 1, 0.1 மி.லி. அளவுகளில் நேர்முடிவு காட்டிய குழாய்கள் 5-5-3 என்றும் எண்ணிக்கை 900 என்றும் இருந்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கை 1000 வரை அனுமதிப்பதால் இரண்டும் தேறிவிடும். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏற்ற 230 என்ற எல்லையை வைத்துப் பார்த்தால் இரண்டுமே தேறாது. அந்த எல்லையை நெருங்கிவிட்டோமா, அதைப் போல நான்கு மடங்கில் நிற்கிறோமா என்பது தெரியாமல் குளோரின் அளவை எப்படி முடிவு செய்வது?

இதில் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. நிலையத்துக்குள் வரும் சுத்திகரிக்காத கழிவுநீரில் இரண்டு ஆய்வகங்களும் ஒத்துப்போகின்றன: நாங்கள் 62 லட்சம் என்றோம், அவர்கள் 70 லட்சம் என்றார்கள். வெளியேறும் நீரில்தான் நான்கு வாரங்களாக ஒவ்வொரு முறையும் எங்கள் எண் குறைவாக இருக்கிறது. "இரண்டு பேரில் ஒருவர் தவறாகச் செய்கிறீர்கள்" என்பது எங்கள் மேலதிகாரியின் முடிவு. எந்த முறையை நம்புவது?

பதில் 1: பழைய ஆய்வகம்

உங்கள் மேலதிகாரி சொல்வதுபோல் யாராவது ஒருவர் தவறு செய்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. முதலில் அந்த 900 எப்படி வந்தது என்று பாருங்கள். பல்குழாய் முறையில் நாம் எதையும் எண்ணுவதில்லை. பதினைந்து குழாய்களில் எத்தனை பொங்கின (வாயு விட்டன), எத்தனை சும்மா இருந்தன என்பதைக் கொண்டு, இப்படி ஒரு விடை வர நீரில் எவ்வளவு பாக்டீரியா இருந்திருக்கக்கூடும் என்று நிகழ்தகவுக் கணக்கால் ஊகிக்கிறோம். 1915-இல் மெக்கிரேடி அந்தக் கணக்கை எழுதினார். இன்று நாம் பார்க்கும் அட்டவணைகள் அந்த வழியில் வந்தவையே. 5-5-3 என்ற விடைக்கு அட்டவணை 900 என்று சொல்லும்போதே, பக்கத்துக் கட்டத்தில் 95 விழுக்காடு நம்பக எல்லையாக 300 முதல் 2900 வரை என்றும் அச்சிட்டிருக்கும். அறிக்கை தட்டச்சு செய்கிறவர்கள் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவது வழக்கம். உங்கள் 310 அந்த எல்லைக்குள், விளிம்பை ஒட்டி, உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே அட்டவணையில் 5-5-2 என்றால் 500, 5-5-3 என்றால் 900, 5-5-4 என்றால் 1600. ஒரே ஒரு குழாயில் வாயுக் குமிழி வந்ததா வரவில்லையா என்பதில் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சட்ட எல்லை 1000 என்று இருக்கும்போது, தேர்ச்சியும் தோல்வியும் வாயுவைப் பிடிக்கும் ஒரு சிறு டர்ஹாம் குழாயில் தொங்குகின்றன. உங்கள் நீருக்கு 10 மி.லி.யில் தொடங்கியதே பொருத்தமில்லை. ஐந்து குழாயும் பொங்கும் என்று முன்பே தெரிந்த அளவில் ஐந்து குழாய்களை வீணாக்குகிறார்கள். 1, 0.1, 0.01 மி.லி. என்று ஒரு படி இறக்கிச் செய்தால் விடை அட்டவணையின் நடுப்பகுதியில் விழும்.

உங்கள் பக்கத்தில் 31 காலனி என்பது நல்ல எண்ணிக்கை; எம்-எஃப்சி தட்டில் 20 முதல் 60 வரை இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணியதன் வர்க்கமூலத்தைப் போல இரு மடங்கைக் கூட்டிக் கழித்தால் தோராயமாக 20 முதல் 42 காலனி, அதாவது 100 மி.லி.க்கு 200 முதல் 420 வரை. வெளி ஆய்வகத்தின் எல்லையைவிட இது மிகக் குறுகலானது. ஆனால் குறுகலாக இருப்பதால் மட்டும் அது உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறி தவறாமல் ஒரே இடத்தில் சுடுகிறவர், குறியைவிட்டு விலகிய இடத்திலும் தவறாமல் சுடலாம்.

நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஒரு முறை மட்டும் வேறுபட்டிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நான்கு முறையும் ஒரே பக்கம் சாய்வதும், அதுவும் குளோரின் பட்ட நீரில் மட்டும் சாய்வதும் தற்செயலாகத் தெரியவில்லை. குளோரினால் எல்லாப் பாக்டீரியாவும் செத்துவிடுவதில்லை. ஒரு பகுதி அடிபட்டு, உயிரணு உறை சேதமாகி, உயிரோடு கிடக்கும். பல்குழாய் முறையில் அவை முதலில் லாரில் டிரிப்டோஸ் என்ற வளர்ப்புக் குழம்பில் 35 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன. பிறகுதான் ஈசி என்ற உறுதிச் சோதனைக் குழம்பில் 44.5 டிகிரிக்குப் போகின்றன. உங்கள் முறையிலோ, அடிபட்ட உயிரணுவைத் தூக்கி நேராகப் பித்த உப்பும் ரோசாலிக் அமிலமும் கலந்த தட்டில் வைத்து, உடனே 44.5 டிகிரி வெப்பத்தில் தள்ளுகிறோம். நலமான உயிரணு அதைத் தாங்கும். அடிபட்டது தாங்காது, காலனியாக வளராது. சுத்திகரிக்காத கழிவுநீரில் நீங்கள் இருவரும் ஒத்துப்போவதன் காரணமும் இதுவே. அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை.

நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. குளோரின் கலந்த கழிவுநீரில் சவ்வு வடிகட்டி முறை குறைவாகவும் சீரற்றும் எண்ணக்கூடும் என்பதால், தகராறு வந்தால் பல்குழாய் முறையின் விடையே தீர்ப்பு என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் விதித்தொகுப்பு தன் அடிக்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது.

முடிவு சொல்வதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும். வெளி ஆய்வகத்தார் ஈசி குழம்பில் உறுதிச் சோதனை செய்தார்களா, அல்லது முதல் கட்டத்தோடு நிறுத்தி அந்த எண்ணை மலக்கோலிஃபார்ம் என்று எழுதிவிட்டார்களா? நிறுத்திவிட்டார்கள் என்றால் 900 என்பது மொத்தக் கோலிஃபார்ம் என்ற வேறு கூட்டத்தின் எண்ணிக்கை. இரண்டாவது, மாதிரிப் புட்டியில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இருந்ததா?

பதில் 2: வாட்டர்பாத்

ஐயா சொன்னது அனைத்தும் சரி. ஆனால் எம்-எஃப்சி தட்டை எதில் வைக்கிறீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. 44.5 டிகிரி என்றால் 0.2 கூட அல்லது குறைய, அவ்வளவுதான் இடம். நான் முதலில் வேலை பார்த்த ஆய்வகத்தில் சாதாரண இன்குபேட்டரில்தான் வைத்தோம். முகப்பில் ஓடும் எண் எப்போதும் 44.5 என்றே காட்டும். ஒரு நாள் ஒவ்வொரு தட்டிலும் நீர் நிரப்பிய சிறு புட்டியில் வெப்பமானியைச் செருகி வைத்துப் பார்த்தேன்: மேல் தட்டு 45.4, கீழ்த் தட்டு 43.8. ஒரே மாதிரியை மேலே வைத்தால் குறைவாகவும், கீழே வைத்தால் நீலம் அல்லாத சாம்பல் நிறக் காலனிகள் கலந்தும் வந்ததன் மர்மம் அன்றுதான் விலகியது.

அதற்குப் பிறகு பெட்ரி தட்டுகளை நீர் புகாத பையில் போட்டு, மூடியுள்ள வாட்டர்பாத்தில் முழுக முழுக வைக்கிறோம். வடித்த அரை மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். இரவில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள்; உச்சத்தையும் நீசத்தையும் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று இல்லாவிட்டால், காலையில் வந்து பார்க்கிறவருக்கு இரவு மூன்று மணி நேரம் 40 டிகிரிக்கு இறங்கிக் கிடந்தது தெரியவே தெரியாது.

நொய்யல்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. விசாரித்துவிட்டு எழுதுகிறேன். வெளி ஆய்வகத்தார் ஈசி குழம்பில் உறுதிச் சோதனை செய்திருக்கிறார்கள். பதிவேட்டின் படத்தை அனுப்பினார்கள். எங்கள் தட்டுகள் வாட்டர்பாத்தில்தான் இருக்கின்றன, வெப்பநிலையில் குறையில்லை.

தயோசல்ஃபேட் விஷயத்தில்தான் வெட்கமாக இருக்கிறது. வெளி ஆய்வகம் தன் சொந்தப் புட்டியைக் கொடுத்தனுப்புகிறது. அதில் மருந்து போட்டே வருகிறது. நாங்கள் எங்கள் பங்குக்கு ஆட்டோகிளேவ் செய்த வெறும் புட்டியை எடுத்துக்கொண்டோம். தொட்டியிலிருந்து ஆய்வகம் நூறடி தூரம்தான், உடனே வடித்துவிடுவோம் என்ற எண்ணம். ஆனால் சில நாள்களில் மற்ற சோதனைகளை முடித்துவிட்டு வடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது.

பதில் 1: பழைய ஆய்வகம்

அப்படியென்றால் உங்கள் புட்டிக்குள் அந்த ஒன்றரை மணி நேரமும் கிருமிநீக்கம் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் எண்ணியது தொட்டியின் நீரை அன்று, புட்டியின் நீரை. 120 மி.லி. புட்டிக்கு 10 விழுக்காடு சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் 0.1 மி.லி. விட்டு ஆட்டோகிளேவ் செய்து வையுங்கள். லிட்டருக்கு சுமார் 15 மி.கி. வரையான எஞ்சிய குளோரினை அது முறித்துவிடும். புட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், குலுக்க இடம் வேண்டும். வடிப்பதற்கு முன் இருபத்தைந்து முறை வலுவாகக் குலுக்குங்கள். தெளிவாக்கியிலிருந்து தப்பி வரும் கசடுத் துணுக்கு ஒன்றில் நூற்றுக்கணக்கான பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கும். குலுக்காமல் வடித்தால் அத்தனையும் சேர்ந்து ஒரே காலனியாகத்தான் தெரியும்.

புட்டியைச் சரிசெய்துவிட்டு மீண்டும் இணை மாதிரி எடுங்கள். இடைவெளி குறையும் என்று நினைக்கிறேன். முழுவதும் மறையும் என்று நினைக்கவில்லை.

பதில் 3: ஒன்டாரியோ தமிழ்

வணக்கம். நான் இலங்கையில் படித்து, இப்போது கனடாவில் ஒரு கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இங்கே நாங்கள் மலக்கோலிஃபார்மை எண்ணுவதை விட்டு, அந்தக் கூட்டத்தில் ஒரு குடல் பாக்டீரியாவான ஈ. கோலையை எண்ணுகிறோம் என்பதால் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

"மலக்கோலிஃபார்ம்" என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றும். 44.5 டிகிரியில் லாக்டோஸை நொதிக்கச் செய்யும் எதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கிளெப்சியெல்லா இனத்தில் சில வகைகள் அந்த வெப்பத்தைத் தாங்கி வளரும். காகித ஆலை, மாவுப்பொருள் அல்லது சர்க்கரை மிகுந்த கழிவு கலந்த நீரில் அவை மலத்தோடு தொடர்பே இல்லாமல் பெருகும். அமெரிக்கா 1986-இலேயே குளிக்கும் நீருக்கு மலக்கோலிஃபார்மை விட்டு ஈ. கோலைக்கும் என்டரோகாக்கைக்கும் மாறச் சொன்னது. உங்கள் நிலையத்துக்கு உணவுத் தொழிற்சாலை அல்லது ஜவ்வரிசி ஆலைக் கழிவு வருமாக இருந்தால், தட்டில் தெரியும் நீலக் காலனிகளில் பத்தையாவது எடுத்து உறுதிச் சோதனை செய்து பார்ப்பது நல்லது.

மூன்றாவது முறை ஒன்று உண்டு: கோலிலர்ட்-18. பொடியைக் கலந்து 97 குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, இயந்திரத்தில் மூடி, 18 மணி நேரம் கழித்து மஞ்சள் குழிகளை எண்ணினால் போதும். 35 டிகிரியில் வைத்து, 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் குழிகளை எண்ணினால் ஈ. கோலை, அதே பொடியை 44.5 டிகிரியில் வைத்து மஞ்சளை எண்ணினால் மலக்கோலிஃபார்ம். இதுவும் எம்.பி.என். கணக்குத்தான். ஆனால் பதினைந்து குழாய்க்குப் பதில் 97 குழிகள் இருப்பதால் ஊகத்தின் அகலம் நன்றாகச் சுருங்கிவிடுகிறது. நீர்க்காமல் ஊற்றினால் 2419.6 வரைதான் சொல்லும். உங்கள் வெளியேறும் நீருக்கு அது போதும், உள்ளே வரும் நீருக்குப் பல படி நீர்க்க வேண்டும். கலங்கலான நீரில் சவ்வு அடைத்துக்கொள்ளும் தொல்லை இதில் இல்லை. சாயக் கழிவு கலந்து நீர் ஏற்கெனவே மஞ்சளாக இருந்தால் மட்டும் கண்ணை நம்பாமல், பொடி கலக்காத அதே நீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

யாராவது கியூபிசிஆர் என்ற மரபணுச் சோதனை பற்றிச் சொன்னால், கிருமிநீக்கத்தைச் சரிபார்க்க அதை எடுக்க வேண்டாம். அது டி.என்.ஏ.வை எண்ணுகிறது, குளோரினில் செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் அதில் சேர்ந்துவிடும்.

பதில் 1: பழைய ஆய்வகம்

கனடா நண்பர் சொன்ன முறை நல்ல முறைதான்; மறுக்கவில்லை. ஆனால் ஒரு தட்டுக்கும் பொடிக்கும் ஆகும் செலவை இங்கே ஒரு சிறு நிலையத்தின் மாதச் செலவில் வைத்துப் பார்க்க வேண்டும்; நம் அறிவிக்கையில் எழுதியிருப்பதும் மலக்கோலிஃபார்ம்தான், ஈ. கோலை அன்று. ஈ. கோலை எண் பொதுவாக மலக்கோலிஃபார்ம் எண்ணைவிடக் குறைவாகவே வரும் என்பதால், அதைக் காட்டி 230-க்குள் வந்துவிட்டோம் என்று யாரும் மகிழ்ந்துவிடக் கூடாது.

முறைகளை ஒப்பிடுவதாக இருந்தால் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே நீரை இரண்டு முறையிலும் செய்து, இரண்டு எண்ணின் மடக்கையை எடுத்து, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். எண்ணை நேராகக் கழிக்கக் கூடாது. பாக்டீரியா எண்ணிக்கை மடங்கு மடங்காக ஏறி இறங்கும் தன்மையது என்பதே காரணம். ஐஎஸ்ஓ 17994 என்ற தரநிலை இயல் மடக்கை வித்தியாசத்தை நூறால் பெருக்கி, பல மாதிரிகளின் சராசரியை அதன் நிச்சயமின்மையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. உங்கள் 900-க்கும் 310-க்கும் அந்தக் கணக்கில் சுமார் 107 வரும். ஒரு மாதிரியில் வந்த 107-க்குப் பொருளில்லை. இருபது முப்பது இணைகளின் சராசரி சுழியத்தைச் சுற்றி நிற்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

நொய்யல்கரை

ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். தயோசல்ஃபேட் போட்ட புட்டிகள் வந்துவிட்டன. வெளி ஆய்வகத்தாரும் 1, 0.1, 0.01 மி.லி.க்கு இறங்கிவிட்டார்கள். முதல் வாரம் எங்கள் தட்டில் 46 காலனி, அதாவது 460. அவர்கள் 5-2-1, அதாவது 700. இதுவரை பன்னிரண்டு இணைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பத்தில் அவர்களுடைய எண்தான் பெரியது. ஆனால் மூன்று மடங்கு வித்தியாசம் இப்போது எங்கும் இல்லை, பெரும்பாலும் ஒன்றரை மடங்குக்குள்தான். நீங்கள் சொன்னபடியே இடைவெளி குறைந்தது, மறையவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். மாத அறிக்கையில் இரண்டு எண்ணின் சராசரியைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில் 3: ஒன்டாரியோ தமிழ்

போடாதீர்கள். காலனி எண்ணியதும் எம்.பி.என். ஊகமும் ஒரே அலகல்ல; கலந்தால் இரண்டிலும் எதுவுமில்லாத மூன்றாவது எண் வரும். ஒரே முறையில் எடுத்த பல நாள் எண்களுக்குச் சராசரி வேண்டுமென்றால் பெருக்குச் சராசரி (எண்களைப் பெருக்கி, எத்தனை எண்ணோ அத்தனையாம் மூலம்) எடுங்கள். 40, 60, 90, 120, 2400 என்ற ஐந்து நாள் விடைக்குச் சாதாரணச் சராசரி 542. பெருக்குச் சராசரி 144. ஒரு மழை நாள் மாதம் முழுவதையும் விழுங்கிவிடாமல் இருக்க அதுதான் வழி. ஆனால் அந்த 2400 வந்த நாளைத் தனியாக எழுதிக் காட்டாமல் விடக் கூடாது.

பதில் 1: பழைய ஆய்வகம்

அதோடு, அறிவிக்கை எல்லையை எம்.பி.என். என்றே எழுதியிருப்பதால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் தாளில் வெளி ஆய்வகத்தின் எண்ணையே போடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் முறையின் பெயரும், எடுத்துக்கொண்ட மூன்று அளவுகளும், அட்டவணையின் கீழ் மேல் எல்லைகளும் இருக்கட்டும். உங்கள் தட்டை நிறுத்திவிடாதீர்கள். மறுநாள் காலையிலேயே விடை கிடைப்பது அதில்தான். பல்குழாய் முறையில் உறுதிச் சோதனை முடிய மூன்று நான்கு நாள் ஆகும், அதற்குள் குளோரின் தொட்டியில் எத்தனையோ நீர் ஓடியிருக்கும். தட்டில் 10 மி.லி.க்கு 20 காலனிக்குக் கீழே வந்தால் மறுநாள் 50 மி.லி. வடியுங்கள், சவ்வு அடைத்தால் அதையே இரண்டு சவ்வில் பிரித்து வடித்துக் கூட்டிக்கொள்ளலாம்.